முதியோர் இல்லங்களில் சமூகநலப் பணியாளர்: எத்தனை பேருக்கு ஒருவர்?

பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மையை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கு 500 மரம் என்று நிரை பிரித்துக் கொடுத்தால் கத்தி அளவாக இறங்கும்; சீவல் மெல்லியதாக விழும்; மரத்துக்குக் காயம் படாது. அதே ஆளிடம் 800 மரங்களைக் கொடுத்தால் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கத்தி ஆழமாகப் போய்விடும். அன்றைக்குப் பால் குறைவதில்லை. வாளியும் நிறையத்தான் செய்யும். காயம்பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை மீண்டும் வெட்ட வரும்போதுதான் இழப்புத் தெரிய வரும். வாளியை மட்டும் பார்க்கும் மண்டோருக்கு இது புலப்படுவதில்லை.

ஆட்களின் எண்ணிக்கைக்கும் வேலையின் தரத்துக்கும் இடையே உள்ள இவ்வுறவு முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் அப்படியே காணப்படுகிறது. அங்கே கவனிக்கப்படுவது மரமன்று, மனிதர். காயமும் உடனே தெரிவதில்லை. இவ்வில்லங்களில் தாதியர் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர் என்று கேட்பவர்கள் உண்டு. சமூகநலப் பணியாளர் ஒருவர் இருக்கின்றாரா, இருந்தால் எத்தனை முதியோருக்கு ஒருவர் என்று கேட்பவர் மிகச் சிலரே. இக்கட்டுரையில் நாம் அந்தக் கேள்வியை எடுத்துக் கொள்வோம்.

இது நகரத்தாரின் பிரச்சினை, தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணக் கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. தோட்டத்தில் வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. ஓய்வு பெற்ற பெற்றோர், அதே லயத்தில் வேலை செய்யும் மகனுடனோ மகளுடனோ ஒட்டிக் கொண்டனர். பிள்ளைகள் தொழிற்சாலை வேலை தேடிக் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் சென்றபின் அந்தப் பிடியும் தளர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்களே நகரங்களாகிவிட்டன. பிராங் பெசார் தோட்டம் இருந்த மண்ணில்தான் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளில் கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களுடன் படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு பாட்டி என்ற நிலை இன்று அரிதன்று. நாட்டின் நிலையும் இதுவே. 2020-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி 65 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் ஆவர்.

தோட்டத் தொழிலாளரின் முதுமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் புதியதன்று. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற பெயரில் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிமார் தத்தம் தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப அதில் பணம் செலுத்தினர். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவதே அதன் முதல் நோக்கம். முதுமையாலும் நோயாலும் உழைக்க இயலாதவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அந்நிதியையே சார்ந்திருந்தது. போக ஊரில்லாதவர்கள், போனால் அடையாளம் காண ஆளில்லாதவர்கள் என்ன செய்வது? அத்தகையோருக்காகக் கோலாலம்பூரில் இயலாத இந்தியத் தொழிலாளர் இல்லம் ஒன்று அந்நிதியிலிருந்து நடத்தப்பட்டது. உணவும் பாயும் கூரையும் கிடைத்தன. 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் உதவிக் குடியேற்றத்தைத் தடுத்த பின்னர், ஆள் கொண்டுவரும் வேலை அந்நிதிக்கு இல்லாது போயிற்று. 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என மாற்றியமைக்கப்பட்டது. 1999-இல் சட்டப்படி கலைக்கப்பட்டது. நம் பாட்டன்மாரின் உழைப்புக்குக் கணக்கிட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி முதியோர் இல்லத்துக்குச் சென்றது என்பதை இன்று நினைவில் வைத்திருப்போர் குறைவு.

சமூகநலப் பணியாளர் என்பவர் யார்? தாதி உடலைக் கவனிக்கிறார். உதவியாளர் குளிப்பாட்டி, ஊட்டி, உடை மாற்றுகிறார். மருத்துவர் நோயைப் பார்க்கிறார். இந்த மூவருக்கும் இடையில் விழுந்துவிடும் வேலைகள் பல உள்ளன. முதியவரின் குடும்பம் எது, வருமானம் எது, பத்திரங்கள் எங்கே, அவர் எதற்காக அழுகிறார், யாருடன் பேச விரும்புகிறார், இல்லத்தின்மீது குறை இருந்தால் அதை யாரிடம் சொல்வது என்பன போன்றவை அவை. இவற்றைப் பயிற்சியுடன் செய்பவரே சமூகநலப் பணியாளர். தானம் வழங்க வருபவரும் பொழுதுபோக்குக்கு வந்து பாட்டுப் பாடிச் செல்பவரும் நல்லவர்களே. ஆனால் இந்த வேலை அவர்களுடையதன்று.

இத்தொழிலின் ஒரு கிளை மருத்துவமனையில் பிறந்தது. 1895-இல் லண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையார் 'அல்மோனர்' என்ற பதவியில் அமர்த்தப்பட்டார். இலவச சிகிச்சைக்கு வருவோரில் உண்மையில் ஏழை யார் என்று பிரித்தறிவதே அவருக்கு இட்ட வேலை. அவரோ நோயாளியின் வீட்டில் சோறும் காற்றும் இல்லாதவரை மருந்து பயன்தராது என்பதைக் கண்டு, வேலையையே மாற்றிவிட்டார். மலாயாவின் மருத்துவமனைகளில் 1952-இல் இத்தகைய அல்மோனர்கள் பணி தொடங்கினர். இன்று அவர்கள் மருத்துவ சமூகப் பணி அதிகாரிகள் என அழைக்கப்படுகின்றனர். 1946-இல் நிறுவப்பட்ட சமூகநல இலாகா மற்றொரு கிளை. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975-இல் இத்துறையில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இடையே ஒரு செய்தி: மரணத்தை நெருங்கியவர்களுக்கான நவீன பராமரிப்பு முறையை 1967-இல் லண்டனில் தொடங்கி வைத்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் தாதியாகவும், பிறகு அல்மோனராகவும் இருந்து, அதன் பின்னரே மருத்துவரானார். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்கும் பழக்கம் அவருக்கு மருத்துவக் கல்லூரிக்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் 35 ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அம்மா ஒருவரை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். வயது 74. கணவர் காலமாகிவிட்டார். மகன் லோரி ஓட்டுகிறார். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மாடி வீடொன்றின் நான்காம் தளத்தில் குடியிருக்கிறார். மருமகளும் வேலைக்குச் செல்கிறார். அம்மாவைப் பக்கவாதம் தாக்கி வலக்கை விழுந்துவிட்டது. கிள்ளானில் உள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள், உயிர் பிழைத்தார். சில நாள்களில், 'இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்' என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீடோ நான்காம் மாடியில். மகன் கிள்ளானில் ஒரு பராமரிப்பு இல்லத்தைக் கண்டுபிடித்து அம்மாவை அங்கே சேர்க்கிறார்.

இல்லம் தூய்மையானது. உதவியாளர் பெண்மணி இந்தோனேசியாவிலிருந்து வந்தவர், அன்பானவர். மூன்று வேளையும் உணவு வருகிறது. ஆனால் அம்மா மதிய உணவைத் தொடுவதில்லை. 'உண்ண மறுக்கிறார்' என்று புத்தகத்தில் எழுதப்படுகிறது. எடை குறைகிறது. மருத்துவர் சத்துமாவு எழுதிக் கொடுக்கிறார். கேட்டால் அம்மா ஒன்றும் சொல்வதில்லை. கேட்பவருக்கும் தமிழ் தெரியாது. காலையில் ரொட்டியும் இரவில் கஞ்சியும் ஊட்டி விடுகிறார்கள், அவற்றை உண்கிறார். மதியம் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து தாமாகவே உண்ண வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அம்மாவின் வலக்கை வேலை செய்யவில்லை. இடக்கையால், அதுவும் பிறர் முன்னிலையில், சோற்றைத் தொடுவதா? பட்டினி கிடந்தாலும் அதைச் செய்யமாட்டார். நம் வாசகர்களுக்கு இது உடனே விளங்கும். எழுதி வைத்த புத்தகத்துக்கு விளங்கவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் முதல் வாரத்திலேயே வெளிவந்திருக்கும் செய்தி இது. பிறகு செய்ய வேண்டியதும் பெரிதன்று. மேசையின் ஓரத்தில் ஓரிடம், தடித்த கைப்பிடியுள்ள ஒரு கரண்டி, சில நாள்களுக்கு ஊட்டிவிட ஓர் ஆள், பிறகு கை கால் பயிற்சி தருபவரின் உதவி ஆகியன போதும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடக் கடுமையானது. அம்மா ஒவ்வொரு நாளும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து உட்காருகிறார். கட்டிலிலிருந்து இறங்க முயல்கிறார். இரவுப் பணியில் இருப்பவர் ஒருவரே. அவர் பொறுப்பில் 25 பேர். 'இரவில் அமைதியின்றி இருக்கிறார்' என்று எழுதப்படுகிறது. அமைதியின்மைக்கு மருந்து உண்டு. தூக்க மாத்திரை கொடுக்கப்படுகிறது. மாத்திரை உண்டவர் பகலிலும் மயங்கிக் கிடக்கிறார், கால் தடுமாறுகிறது, ஒருநாள் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. முதியோருக்குத் தூக்க மருந்துகளால் விழும் அபாயம் கூடும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. ஆனால் அந்த அம்மாவுக்கு நோயே இல்லை. 35 ஆண்டுகள் 4 மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, பெரட்டுக்குப் போனவர் அவர். உடம்பு அந்த மணியை மறக்கவில்லை. அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்பதே இல்லத்தில் எவருக்கும் தெரியாது. சேர்க்கும்போது எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர் எழும் நேரத்தில் ஒரு விளக்கைப் போட்டு, ஒரு குவளை காப்பி கொடுத்து, நாற்காலியில் உட்கார வைப்பதோடு காரியம் முடிந்திருக்கும்.

இந்த அம்மா நாம் கற்பித்துக் கொண்டவர். ஆனால் முதியவரின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டு எழுதி, அதனைப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ப்பது சமூகநலப் பணியாளரின் முதல் கடமையாகப் பாடநூல்களில் வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது காரியம் தாள்களைப் பற்றியது. அம்மாவிடம் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு என்று வைத்துக் கொள்வோம். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் வளர்ந்து, நிரந்தரவாசியாகவே முதுமையடைந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை குடிமக்களுக்கே உரியது. மருத்துவமனைக் கட்டணத்திலும் வேறுபாடு உண்டு. பதிவு இலாகாவுக்கு விண்ணப்பம் எழுதுவது, பழைய தோட்டத்தின் சம்பளப் புத்தகத்தையோ பள்ளிச் சான்றையோ தேடுவது, இறந்த கணவரின் ஊழியர் சேமநிதியில் பணம் எஞ்சியுள்ளதா, சொக்சோவில் உரிமை ஏதும் உண்டா என்று விசாரிப்பது ஆகியவை யார் வேலை? லோரி ஓட்டும் மகன் எத்தனை நாள் விடுப்பு எடுப்பார்? தோட்டத்தில் இருந்தவரை கிராணியோ தொழிற்சங்கத் தலைவரோ எழுதிக் கொடுத்தார்கள். நகரத்தில் அந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். எத்தனை பேருக்கு ஒருவர்?

இதற்குச் சட்டத்தில் எண் ஒன்றை எழுதி வைத்த நாடு அமெரிக்கா. 1970-களிலும் 1980-களிலும் அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்களைப் பற்றி அடுக்கடுக்காகப் புகார்கள் எழுந்தன. கட்டிலோடு கட்டி வைத்தல், மருந்து கொடுத்து உறங்க வைத்தல், படுக்கைப் புண்களைக் கவனியாது விடுதல் முதலியன அவை. அந்நாட்டு மருத்துவக் கழகம் 1986-இல் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன் அடிப்படையில் 1987-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பணியாளரின் வசதிக்காக எவரையும் கட்டவோ மருந்தால் மயக்கவோ கூடாது என்றது அச்சட்டம். அதனுடன், 120 கட்டில்களுக்கு மேற்பட்ட இல்லம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற சமூகநலப் பணியாளர் ஒருவரை முழுநேரமாக அமர்த்த வேண்டும் என்றும் விதித்தது. அதற்குக் குறைந்த இல்லங்களும் இச்சேவையைத் தந்தாக வேண்டும். ஆனால் முழுநேர ஆள் கட்டாயமில்லை.

இந்த 120 என்ற எண்ணை நாம் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை என்றால் 2,400 நிமிடங்கள். 120 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு வாரத்தில் 20 நிமிடம். தொலைபேசி, கடிதம், கூட்டம், புதிதாகச் சேர்வோர், இறப்போர் என்று கழித்தால் அதில் பாதி மிஞ்சுமா என்பது ஐயமே. 60 பேருக்கு ஒருவர் என்றால் 40 நிமிடம். 30 பேருக்கு ஒருவர் என்றால் 80 நிமிடம். மதிய உணவை ஏன் தொடவில்லை என்று கண்டறிய நமது அம்மாவுக்கு முதல் வாரத்தில் அரைமணி நேரம் தேவைப்பட்டது. இன்னொரு விந்தை: 121 கட்டிலுள்ள இல்லத்துக்கும் ஒருவர், 300 கட்டிலுள்ள இல்லத்துக்கும் சட்டப்படி ஒருவரே போதும். அந்த எண் மிகப் பெரிது என்று அந்நாட்டு ஆய்வாளர்களே தொடர்ந்து எழுதி வருகின்றனர்.

ஆளைக் கூட்டினால் தரம் உயரும் என்பது உறுதியா? தாதியரைப் பொறுத்தவரை சான்றுகள் நிறைய உள்ளன. பதிவு பெற்ற தாதியர் அதிக நேரம் பணிபுரியும் இல்லங்களில் படுக்கைப் புண் போன்ற தீங்குகள் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சமூகநலப் பணியாளரைப் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. இதற்குக் காரணம் உண்டு. படுக்கைப் புண்ணை எண்ணலாம், அளக்கலாம். ஒருவர் தம்மை மதிக்கிறார்கள் என்று உணர்வதை எதைக்கொண்டு அளப்பது? மேலும், நல்ல பெயர் எடுத்த இல்லம் கடினமான நோயாளிகளையும் ஏற்றுக்கொள்கிறது. அதனால் அதன் கணக்கில் தீங்குகள் கூடுதலாகத் தெரியலாம். பணவசதியுள்ள இல்லத்தில் ஆளும் அதிகம், மற்ற வசதிகளும் அதிகம். நன்மை எதனால் விளைந்தது என்று பிரிப்பது எளிதன்று. எனவே 'இத்தனை பேருக்கு ஒருவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று எவரேனும் சொன்னால் நாம் அதனை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எண் என்பது நேரத்தைத் தருகிறது. அந்த நேரத்தில் அமர்ந்து கேட்பவரின் பயிற்சியும் மொழியும் குணமும் தனி. அடிக்கடி ஆள் மாறும் இல்லத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தும் பயனில்லை; ஒவ்வொரு புதியவரிடமும் முதியவர் தம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியுள்ளது. இரண்டு முறை சொல்வார். மூன்றாம் முறை வாயை மூடிக்கொள்வார்.

நம் நாட்டின் நிலைக்கு வருவோம். இங்கே முதியோர் தங்கும் இடங்கள் ஒரே வகையைச் சேர்ந்தவையல்ல. அரசாங்கத்தின் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் சமூகநல இலாகாவால் நேரடியாக நடத்தப்படுகின்றன. சிலாங்கூரில் செராஸில் ஒன்று உள்ளது. 60 வயதைக் கடந்தவராக, உற்றார் இல்லாதவராக, குடியிருக்க வீடற்றவராக, ஆனால் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளக் கூடியவராக இருப்போர்க்கே அங்கே இடம். படுத்த படுக்கையாக உள்ள ஆதரவற்றோர்க்கு எஹ்சான் இல்லங்கள் கோல குபு பாருவிலும் திரெங்கானுவின் டுங்கூனிலும் உள்ளன. நமது எடுத்துக்காட்டில் வரும் அம்மாவுக்கு மகன் இருக்கிறார். ஆகவே இவ்விரண்டும் அவருக்குப் பொருந்தா. கிள்ளான் பள்ளத்தாக்கில் அவரைப் போன்றோர் செல்லும் இடங்கள் பெரும்பாலும் தனியாரும் அறநிலையங்களும் நடத்தும் இல்லங்களே. தாமான்களில் மாடி வீட்டையோ பங்களாவையோ மாற்றியமைத்து நடத்தப்படுபவை பல.

இவற்றுக்குச் சட்டம் உண்டு. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் எதுவாயினும் சமூகநல இலாகாவில் பதிவு செய்தல் வேண்டும். கட்டணம் பெறினும் பெறாவிடினும் இது பொருந்தும். அதிகாரிகள் உள்ளே சென்று சோதனையிடவும் அச்சட்டம் இடமளிக்கிறது. தாதிமைப் பராமரிப்பு தரும் தனியார் இல்லங்களுக்கு 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி சுகாதார அமைச்சின் உரிமம் தேவை. அச்சட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. ஓர் இல்லம் எந்த அமைச்சின்கீழ் வருகிறது என்ற குழப்பம் இதனால் எழுந்தது. அதனைக் களையும் நோக்கத்துடன் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கென 802-ஆம் சட்டம் 2018-இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. சமூகப் பணியாளரின் தேர்ச்சி நெறிகளுக்கும் அத்தொழிலுக்கென ஒரு தனிச் சட்டத்துக்கும் அமைச்சரவை 2010-இலேயே இணக்கம் தெரிவித்தது. தாதியைப் பதிவு செய்யாமல் தாதி என்று அழைக்க முடியாது, வழக்குரைஞரும் அவ்வாறே. சமூகநலப் பணியாளர் என்ற பெயருக்கும் அத்தகைய வேலி வேண்டும் என்பதே அந்த எண்ணத்தின் அடிப்படை.

இருபது, முப்பது பேர் தங்கியுள்ள சிறிய இல்லம் ஒரு பட்டதாரிப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? நடத்துபவர் பலர் மாதக் கட்டணத்தை வைத்து வாடகை, அரிசி, உறைக்கால் துணி, உதவியாளர் சம்பளம் என்று இழுத்துப் பிடித்து நடத்துகின்றனர். கட்டணத்தை உயர்த்தினால் லோரி ஓட்டும் மகனால் தாங்க முடியாது. ஆகவே அமெரிக்கச் சட்டத்தை அப்படியே இங்கே பெயர்த்து நடுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஒரே வட்டாரத்தில் உள்ள நான்கைந்து இல்லங்கள் சேர்ந்து ஒருவரைப் பொதுவில் அமர்த்திக் கொள்வது நடக்கக் கூடிய காரியம். கிள்ளானில் ஒருவர், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒருவர் என்று சைக்கிளில் சுற்றிய பழைய தோட்டத்து டிரெசரைப் போல, இவரும் கிழமைக்கு ஒருநாள் ஓர் இல்லம் என்று சுற்றிவரலாம். ஒரு டிரெசர் பல தோட்டங்களைப் பார்த்துக்கொண்டதை நம் மூத்தோர் அறிவர். அவருக்கு ஒவ்வொரு லயத்திலும் யாருக்கு இருமல், யார் வீட்டில் சண்டை என்பது வரை தெரிந்திருந்தது. ஆயாக்கொட்டகையில் ஓர் ஆயா பத்துக் குழந்தைகளைப் பார்த்தபோது இருந்த நிலையும், முப்பதைப் பார்த்தபோது இருந்த நிலையும் நம் தாய்மார்களுக்கு மறந்திருக்காது.

இப்போதைக்கு நம் குடும்பங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் உள்ளவர் மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவ சமூகப் பணி அதிகாரியே ஆவார். அரசாங்கப் பெரிய மருத்துவமனைகளில் இவர்களுக்கெனப் பிரிவு உண்டு. முதியவரை வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கும்போது, வார்டில் உள்ள தாதியிடமோ மருத்துவரிடமோ, இந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. வெளியேறும் நாளன்று காலையில் கேட்பதைவிட, சேர்த்த முதல் சில நாள்களிலேயே கேட்பது நல்லது. நாற்காலி வண்டி, உதவித்தொகை, வீட்டில் வைத்துப் பார்க்கும் வழி முதலியவற்றை ஏற்பாடு செய்ய நாள் பிடிக்கும். தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்போரை வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையை ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல் கட்டணமின்றிச் செய்து வருகிறது. இல்லமொன்றில் முதியவர் துன்புறுத்தப்படுவதாகவோ கவனிப்பாரற்றுக் கிடப்பதாகவோ அறிந்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குத் தெரிவிக்கலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு நேரிலும் செல்லலாம்.

ஓர் இல்லத்தைப் பார்வையிடச் செல்வோர் சுவர் வண்ணத்தையும் தரையின் பளபளப்பையும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். உணவு நேரத்தில் செல்லுங்கள். யார் தாமாக உண்கிறார், யாருக்கு ஊட்டுகிறார்கள், எத்தனை பேருக்கு ஒருவர் ஊட்டுகிறார் என்பது பத்து நிமிடத்தில் தெரியும். இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பர் என்று கேளுங்கள். தமிழ் பேசுபவர் யார், அவர் எந்த நாள்களில் இருப்பார் என்று கேளுங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்க்கும் வெள்ளிக்கிழமைகளில் சைவம் உண்பவர்க்கும் என்ன ஏற்பாடு? காலமாகிவிட்டால் யாரை முதலில் அழைப்பீர்கள், சடங்குக்கு எவ்வளவு நேரம் விடுவீர்கள்? இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை சொல்லும் இல்லம் நம்பத்தக்கது. அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கட்டணம், அடையாளக் கார்டு, மருந்துப் பட்டியல் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டால், அம்மாவைப் பற்றி அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று பொருள்.

அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, தேசிய மொழியில் ஒரு பக்கமும் தமிழில் ஒரு பக்கமும் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தோட்டத்தில் என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு எழுவார், காப்பியா தேநீரா, எந்தக் கையால் உண்பார், கூச்சம் எதில், காது எந்தப் பக்கம் கேட்கும், எந்தச் சாமி, கோபம் வந்தால் எப்படி இருப்பார், வலித்தால் என்ன சொல்வார், அவரை எப்படி அழைக்க வேண்டும் என்பனவற்றை அதில் எழுதலாம். அந்தத் தாளை மருந்துப் பட்டியலோடு சேர்த்து மேற்பார்வையாளரின் கையில் கொடுத்து, இரவுப் பணியாளரும் அதைப் பார்க்குமாறு கட்டிலின் தலைப்பக்கத்தில் ஒரு படியை ஒட்டச் சொல்லுங்கள்.